நூறு மீட்டர்

அந்தப் படகுத்துறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவருடைய அக்கா. அவள் போன பிறகு அவருக்கு மிஞ்சியது 'நூறு மீட்டர்' என்ற பட்டப்பெயர் மட்டும்தான்.

டால்பின் காட்டக் கூட்டிப்போகும் படகின் ஓட்டுநர் அவர். டால்பின் கூட்டம் கண்ணில் பட்டதும் நூறு மீட்டர் தள்ளியே வேகத்தைக் குறைத்து இன்ஜினை ஓய்வில் போட்டுவிடுவார். அதற்கு மேல் ஓர் அடி நகர மாட்டார். பயணிகள் கெஞ்சிப் பார்ப்பார்கள், கொஞ்சிப் பார்ப்பார்கள், பக்கத்துப் படகு எவ்வளவு கிட்டே போகிறது பாருங்கள் என்று ரோஷத்தைக் கிளப்பிப் பார்ப்பார்கள். மனிதர் மசிய மாட்டார். மைக்கை எடுத்துத் தன் பாட்டைத் தொடங்கிவிடுவார்.

"குறுக்கே போகக் கூடாது, பின்னாடி துரத்தக் கூடாது, நடுவுல புகுந்து பிரிக்கக் கூடாது. எதையும் தூக்கிப் போடாதீங்க. விசில் அடிச்சு, தட்டிக் கிட்டிக் கூப்பிடாதீங்க. நீங்க சாப்பிட உட்காரும்போது தினமும் இருபது பேர் ஜன்னல்ல வந்து எட்டிப் பார்த்தா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

இதில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் அவர் கண்டுகொள்வதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. அது ஓட்டுநர்களுக்கானது. ஒரு டால்பின் தானாகவே படகை ஒட்டி வந்துவிட்டால், அது விலகிப் போகும் வரை இன்ஜினைத் தொடக் கூடாது. அடியில் சுற்றும் விசிறி சதையைச் சீவி எடுத்துவிடும். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒரு தடவை ஒரு டால்பின் குட்டி படகுக்கடியில் புகுந்து விளையாடிக்கொண்டே இருந்ததில் ஒரு குடும்பம் ரயிலைத் தவறவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் அன்று அவரைத் திட்டாத திட்டு இல்லை. நூறு மீட்டர் கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டார். இன்ஜினை மட்டும் தொடவில்லை.

மனிதர்களையும் அவர் அந்தத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார் என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டலடிப்பார்கள். அதில் பொய் இல்லை. கேட்டால் பதில் வரும். கேட்காமல் ஒரு வார்த்தை வராது. அவருக்குப் பேச்சே வராது என்று துறை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் பேச வேண்டிய அவசியம்தான் அவருக்கு வந்ததில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

அக்காதான் அந்தப் படகுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அவளுக்கு வரன் வந்தபோது, தம்பி முதலில் காலூன்றட்டும் என்றாள். தம்பி காலூன்றி அவருக்கு வரன் வந்தபோது, அக்காவுக்கு முதலில் முடியட்டும் என்றார். இப்படி ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டே இரண்டு பேரும் ஓரமாக நின்றுவிட்டார்கள். அதற்காக அவர்கள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு கட்டில், சுவரில் இரண்டு கொக்கி. அதில் காலம் ஓடிவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் வந்தால், அக்கா தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூடியைக் கழற்றி டிக்கெட் கவுன்ட்டரின் இரும்புக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டுவாள். டங், டங், டங். அவ்வளவுதான். எத்தனை இன்ஜின் உறுமினாலும் அந்தச் சத்தம் அவர் காதில் தனியாக வந்து விழும். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் படியேறி வருவார். அவள் அன்றைய பயணிகளின் லட்சணத்தையெல்லாம் பிட்டுப் பிட்டு வைப்பாள். இவர் மென்றுகொண்டே 'ம்' போடுவார். மூடியின் ஒரு ஓரம் தட்டித் தட்டியே நசுங்கிப்போயிருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டைப் போனிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டதால் அவள் இடத்துக்கு வேறு ஆளும் போடவில்லை. கவுன்ட்டரைப் பூட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு அறைகளில் இருப்பது அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. அந்த வீட்டில் பதில் சொல்லும் பொருள்கள் அவ்வளவுதான். அக்காவின் செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது. அதை எடுக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் மனசு வரவில்லை. சாப்பாட்டை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தொண்டைக்குள் போகாமல் நின்றது. தனியாக இருக்கிறோம் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால் தனியாக இருப்பானேன்.

காலையில் பயணிகள் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் சின்னப் படகை எடுத்துக்கொண்டு போய், டால்பின்கள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்று நோட்டம் பார்த்துவர வேண்டும். ஆளாளுக்கு முறை வைத்துச் செய்துகொண்டிருந்த வேலை அது. தூக்கத்தைக் கெடுக்கும் வேலை என்பதால் எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள். நூறு மீட்டர் அதைத் தானே வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன் என்று சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல்தான் மனிதர் கடலுக்கு ஓடுகிறார் என்பது யாருக்குத் தெரியும்? அக்காவின் டிபன் பாக்ஸில் எதையாவது அடைத்துக்கொண்டு போய், நடுத்தண்ணீரில் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாப்பிடுவார். அங்கே சோறு இறங்கியது.

ஒருநாள் காலை மூடியைக் கழற்றியவர், அதைப் படகின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினார். அக்காவை நினைத்துக்கொண்டு தட்டினார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் எதையும் நினைக்கவில்லை. கை தன்னால் தட்டியது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் 'புஸ்' என்று ஒரு மூச்சு. திரும்பினால் ஒரு டால்பின். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டம் எங்கேயும் இல்லை. டால்பின்கள் அப்படித் திரிவதில்லை. கூட்டமாகத்தான் போகும், கூட்டமாகத்தான் மூச்சுவிட மேலே வரும். இது ஒண்டியாக இருந்தது. முதுகுத் துடுப்பின் நுனியில் கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு வெட்டு. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

"என்ன, தனியாவா வந்தே?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுத் தன் குரலில் தானே திடுக்கிட்டார். மைக் இல்லாமல் அவர் வாயைத் திறந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

மறுநாளும் தட்டினார். மறுநாளும் வந்தது. அதற்கு 'ஒண்டி' என்று பெயர் வைத்தார். விதியையெல்லாம் கரைத்துக் குடித்தவர் ஆதலால் மனசுக்குள் ஒரு வாதத்தையும் தயாராக வைத்திருந்தார். சாப்பாடு போடவில்லை. தொடவில்லை, கையைக்கூடப் படகுக்கு வெளியே நீட்டவில்லை. இன்ஜின் அணைந்து கிடக்கிறது. அது போகும் வரை காத்திருந்துவிட்டுத்தான் கிளப்புகிறார். இதில் எது தப்பு? தட்டிக் கூப்பிடாதீங்க என்று மைக்கில் தினமும் முழங்குகிற அதே வாய், இந்தத் தட்டு அந்தத் தட்டில் சேராது என்று தனக்குத்தானே சாதித்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் கறாராக இருப்பவர்கள் தங்களுக்கென்று வரும்போது எவ்வளவு தாராளமாகிவிடுகிறார்கள்.

அவர் பேசினார். பட்டறைக்காரன் காலையிலேயே சுத்தியலைத் தூக்கிவிடுவதைப் பற்றி, மாடி ஒழுகுவதைப் பற்றி, அக்காவைப் பற்றி. அக்கா செருப்பை என்ன செய்வது என்றுகூடக் கேட்டார். ஒண்டி கேட்டுக்கொண்டிருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகாமல் இருந்தது. படகைச் சுற்றும், அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழும், மறுபடி ஒருக்களித்துப் பார்க்கும். அந்த வருஷத்தில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் என்றால் அது ஒன்றுதான். அதற்காகவே படுத்தார், அதற்காகவே எழுந்தார்.

அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. பிறகுதான் வினை ஆரம்பித்தது.

இரும்புச் சத்தம் கேட்டால் துணை கிடைக்கும் என்று ஒண்டி கற்றுக்கொண்டுவிட்டது. எவருடைய இரும்பு என்று பார்க்க அதற்குத் தெரியுமா? மீன்பிடிப் படகில் நங்கூரச் சங்கிலி உரசினால் அங்கே போய் நின்றது. துறையில் யாராவது சுத்தியலை எடுத்தால் தூண்களுக்கு நடுவே வந்து தலையைத் தூக்கியது. ஒருநாள் பாட்டுக்காரனின் படகுக்குப் போய்விட்டது.

பாட்டுக்காரன் என்பவன் இன்னொரு டால்பின் படகின் ஓட்டுநர். சின்ன வயசுக்காரன், படகு அவனுடைய சொந்தப் படகு. அதில் இரண்டு ஒலிபெருக்கி கட்டி, போகும்போதும் பாட்டு, வரும்போதும் பாட்டு. ஆட்டம் போட்ட பயணிகள் தண்ணீர் பாட்டிலைக் கைப்பிடிக் கம்பியில் தாளமாகத் தட்ட, ஒண்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டது. படகே கூத்தாடியது. எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரம் துறையில் நிற்க இடமில்லை. ஒண்டியைச் சுற்றி ஐந்தாறு படகுகள். ஆளாளுக்குக் கம்பியைத் தட்டினார்கள். ரொட்டியை விட்டெறிந்தார்கள். ஒருவர் அதன் மூக்கில் கையை வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

நூறு மீட்டர் அதைத் தன் படகிலிருந்து பார்த்தார். வயர்லெஸ்ஸில் கத்தினார். கரைக்கு வந்ததும் பாட்டுக்காரனை நிறுத்திக் கேட்டார்.

"அதுவா வருதுண்ணே," என்றான் அவன். "நான் என்ன வெத்தல பாக்கு வெச்சா கூப்பிட்டேன்?"

கூப்பிட்டவன் யார் என்று அவருக்குத் தெரியும். அன்றோடு தட்டுவதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவும் செய்தார். கொஞ்ச நாள் டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து அந்த இரண்டு அறைகளுக்குள் உட்கார்ந்தார். ஒரு காலையில், இன்றைக்கு ஒரு தடவை மட்டும் என்று மூடியைத் தட்டினார்.

ஒண்டி வந்தது. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் வரிசையாக மூன்று வெட்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எந்தப் படகின் விசிறியோ. வழக்கம்போல ஒருக்களித்துப் படுத்து ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் அது அந்தச் சத்தத்தை நம்பி வந்திருந்தது. அவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

கடல் விலங்குகளை ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருத்தர் உண்டு. வருஷா வருஷம் வந்து, முதுகுத் துடுப்புகளைப் படம் எடுத்து, எது எந்தக் கூட்டம் என்று கணக்குப் பார்ப்பவர். காயம்பட்ட செய்தி போய் அவர் வந்து சேர்ந்தார். துறை அதிகாரிகள் ஓட்டுநர்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். உட்கார வேறு இடம் இல்லாததால், பூட்டிக் கிடந்த டிக்கெட் அறையைத் திறந்தார்கள்.

ஆராய்ச்சிக்காரம்மா அலட்டிக்கொள்ளாமல் விஷயத்தைச் சொன்னார். கூட்டத்தைத் தவறவிட்ட டால்பின் சில சமயம் மனுஷர்களிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டவை பெரும்பாலும் நெடுநாள் இருப்பதில்லை. விசிறியில் அடிபட்டோ வலையில் மாட்டியோ போய்விடும். இதை யாரோ இரும்பைத் தட்டித் தட்டிப் பழக்கியிருக்கிறார்கள். அந்த ஆள் யார் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு ஏதாவது செய்ய முடியும்.

எல்லாக் கண்ணும் பாட்டுக்காரன் மேல் போய் நின்றது. வீடியோ அவன் படகிலிருந்துதானே கிளம்பியது. அவனுடைய படகு அனுமதியை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்று ஒருவர் ஆரம்பிக்க, ஆமாம் ஆமாம் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தன் படகும் அன்றைக்கு அங்கே சுற்றிக்கொண்டிருந்ததை ஒருவரும் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. பாட்டுக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், அந்தப் படகு. அவனுக்கு உலகத்தில் உள்ளது அவ்வளவுதான்.

நூறு மீட்டர் கவுன்ட்டர் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சரியாக அக்காவின் கைக்கு எட்டும் இடத்தில், ஒரே ஒரு இடத்தில் மட்டும், பெயின்ட் உதிர்ந்து இரும்பு பளபளத்தது. சோறு ஆறிப்போகிறது வா என்று கூப்பிட்ட சத்தம் அது. அதை எடுத்துக்கொண்டு போய் அவர் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறார்.

"தட்டினது நான்தான்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. இவர் கூட்டத்தில் வாயைத் திறந்ததே முதல் தடவை.

"அவன் இல்ல. நோட்டம் பார்க்கப் போறப்ப நான்தான் டிபன் மூடியால தட்டினேன். மழை விட்டதுலேர்ந்து."

"ஏன்?" என்று கேட்டார் ஆராய்ச்சிக்காரம்மா.

அவர் கொஞ்சம் யோசித்தார். வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"பேச்சுத்துணைக்கு," என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்காரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அதுவும் அதுக்குத்தாங்க வருது," என்றார். "ஆனா நீங்க கிடைச்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் அது தன்னோட ஆளுங்களைத் தேடாது."

பிறகு, எல்லோரும் கலைந்தபின், அவரை மட்டும் உட்கார வைத்துப் பேசினார். மழைக்குப் பிறகு வெளிக்கடலில், விளக்கு மிதவைக்கு அப்பால், பெரிய கூட்டம் ஒன்று வருஷந்தோறும் கடந்து போகும். இந்த வாரத்திலேயே வரலாம். அந்த மூடிச் சத்தத்தை வைத்தே ஒண்டியை அதுவரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டம் பக்கத்தில் வந்ததும் நிறுத்த வேண்டும். அதன் பிறகு தட்டக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. சட்டைசெய்ய ஆள் இல்லை என்று அதற்குத் தெரிய வேண்டும்.

"நடக்குமான்னு எனக்கும் தெரியாது," என்றார். "இங்கேயே விட்டா என்ன ஆகும்கறது மட்டும் தெரியும்."

படகு ஓட்டும் அனுமதியை ஒரு சீசனுக்கு நிறுத்திவைப்பதாக அன்று சாயங்காலமே நூறு மீட்டருக்குச் சொல்லிவிட்டார்கள். படியேறும்போது பாட்டுக்காரன் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா என் பொழைப்பு போயிருக்கும்ணே," என்றான். "அதுக்காக உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. என்னை நிறுத்தி வெச்சுக் கேள்வி கேட்டீங்க இல்ல, அதை மறக்க மாட்டேன்." நியாயமான பேச்சு. நூறு மீட்டர் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார்.

கூட்டம் வருகிறது என்று செய்தி வந்த காலை, சின்னப் படகில் தனியாகப் போனார். ஒண்டி பக்கத்தில் வரும்போது இன்ஜின் போட முடியாது. துடுப்புதான். நீர் வெளியே இழுக்கும் நேரம் பார்த்துக் கிளம்பியிருந்தார். ஆனாலும் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கொஞ்சம் வலிப்பார், நிறுத்துவார், மூடியைத் தட்டுவார். ஒண்டி வரும். மறுபடி வலிப்பார். ஆராய்ச்சிக்காரம்மாவின் படகு எங்கேயோ தொலைவில் புள்ளியாகத் தெரிந்தது. மிதவை வரைக்கும் பேசலாம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு பேசினார். பெரிதாக ஒன்றுமில்லை. வெயில் ஏறுது பார், காயம் எரியுதா, இன்னும் கொஞ்ச தூரம்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர் பேசுகிற பேச்சு.

மிதவையைத் தாண்டியதும் அவருக்கே கேட்டது. முதலில் ஒரு மூச்சு, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியாதபடி. கறுத்த முதுகுகள் அலை அலையாக எழுந்து விழுந்து வந்துகொண்டிருந்தன. அவர் துடுப்பை உள்ளே எடுத்துப் போட்டார். மூடியை டிபன் பாக்ஸில் வைத்து அழுத்தி மூடினார், துண்டில் சுற்றினார், பலகைக்கு அடியில் தள்ளினார். ஒண்டி இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அது மூச்சுவிட்டது. தண்ணீர் அவர் பிடரியில் தெறித்தது. அவர் பலகையில் அடித்திருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது படகை மூக்கால் ஒரு இடி இடித்தது. அசையவில்லை. அது அடியில் புகுந்து அவருடைய முகம் இருந்த பக்கமாகவே எழுந்தது. அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். எழுப்ப வந்த அம்மாவை ஏமாற்றத் தூங்குவதுபோல் பாசாங்கு செய்யும் பிள்ளை மாதிரி இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணுக்கு நேரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில், அதன் மூச்சு வந்து வந்து போனது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூச்சு விலகியது. திரும்பி வந்தது. மறுபடி விலகியது. அதற்கப்புறம் படகை உரசும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

கண்ணைத் திறந்தபோது கூட்டம் நெடுந்தூரம் போயிருந்தது. அத்தனை முதுகில் எது ஒண்டி என்று தெரியவில்லை. அவர் அழுதார். பார்க்க ஒருவரும் இல்லாததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. துணையே வேண்டாம் என்று துரத்தியவராக அதன் மனசில் இருந்துவிடுவோமே என்ற நினைப்புதான் அவரைப் போட்டு வதைத்தது. அப்படி இருந்தால்தான் அது பிழைக்கும் என்பதும் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன? வலி குறையவில்லை.

அந்த சீசன் முழுக்கக் கீழே பட்டறையில் வேலை பார்த்தார். சுத்தியல் சத்தத்தில் பேச வேண்டிய தொல்லை இல்லை. டிபன் பாக்ஸைத் துண்டோடு பரணில் ஏற்றிவிட்டு, பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிட்டார். அக்காவின் செருப்பை மட்டும் எடுக்கவில்லை. ஒண்டி அதற்குப் பிறகு துறைப் பக்கம் வரவில்லை. பிழைத்துவிட்டது என்றும் சொல்லலாம், போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் சொல்லலாம். அவருக்கு ராத்திரி ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் தோன்றியது.

அடுத்த மழை ஓய்ந்ததும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி அதே படகு, அதே மைக், அதே பாட்டு. தட்டிக் கூப்பிடாதீங்க என்ற இடம் வரும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். துறையில் இருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். யாரும் காட்டிக்கொள்ளவில்லை; பாட்டுக்காரன்கூட.

ஒருநாள் மிதவைக்கு இந்தப் பக்கம் பெரிய கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. வழக்கமான தூரத்தில் படகை நிறுத்தினார். முன் வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தைக்குப் பால் கொடுக்க எவர்சில்வர் பிளாஸ்க்கைத் திறந்தவள், மூடியில் ஒட்டியிருந்த தண்ணீரை உதறக் கைப்பிடிக் கம்பியில் தட்டினாள். வீட்டில் எல்லோரும் தட்டுவதுபோல, யோசிக்காமல்.

டங், டங், டங்.

கூட்டத்தில் ஒரு துடுப்பு நின்றது. மற்றவை போய்க்கொண்டிருக்க அது மட்டும் திரும்பியது. நுனியில் கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு வெட்டு. அதற்குப் பின்னால், ஆறிப்போய் வெளுத்த மூன்று வரி. தனியாக இல்லை, பக்கத்திலேயே ஒட்டியபடி இன்னொன்று இருந்தது. அதை விட்டுவிட்டு ஒண்டி படகை நோக்கி வரத் தொடங்கியது.

"அண்ணே, ஒண்ணு நம்மகிட்ட வருது," என்று பயணிகள் எழுந்து நின்றார்கள்.

அவர் கை கியரின் மேல் இருந்தது. பிழைத்திருக்கிறது. பிழைத்து, துணையோடு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், பக்கத்தில் வந்துவிடும். வந்துவிட்டால் இன்ஜினைத் தொட முடியாது. விதிப்படியே காத்திருக்கலாம், அது ஒருக்களித்துப் பார்க்கும், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. இவர் கூப்பிடவில்லையே. இந்தத் தடவை நிஜமாகவே இவர் கூப்பிடவில்லையே.

அது பாதித் தூரம் வருவதற்குள் முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

கியரைப் போட்டார். விதியில் சொன்னபடி மெதுவாக, அலை கிளப்பாமல், படகைத் திருப்பினார். படகின் பின்பக்கம் ஒண்டியைப் பார்த்து இருந்தது, அவர் முகம் கரையைப் பார்த்து. திரும்பிப் பார்க்கவில்லை. பயணிகள் கூச்சல் போட்டார்கள். இதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ, அது நின்றுவிட்டது என்றார்கள். கொஞ்சம் கழித்து, அது திரும்பிப் போகிறது என்றார்கள்.

பிளாஸ்க் வைத்திருந்த பெண் அவருக்குப் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு நிஜமாகவே வருத்தம்.

"ஏங்க, அதுவா ஆசையா வந்துச்சே. ஒரு நிமிஷம் நின்னிருந்தா என்ன? நம்மளைப் பார்க்கத்தானே வந்துச்சு."

"இல்லம்மா," என்றார் அவர், கரையைப் பார்த்தபடியே. "என்னைப் பார்க்க வந்துச்சு."

கையில் இருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அது படகில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.